விசரா ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்கும் குடும்பங்களுக்கு: கல்லீரல் செய்யும் வேலையும் நீங்கள் சேர்க்க வேண்டிய காகிதங்களும்

எங்கள் பெரியப்பா மகனுக்குக் கோபிச்செட்டிபாளையத்துக்குப் பக்கத்தில் தோட்டம். ஒரு நாள் வெள்ளென வாழைக்கு மருந்தடிக்கப் போனார். பொழுதோடு சாளைக்குத் திரும்பும்போது சட்டை வியர்வையில் ஊறியிருந்தது, வாயோரம் எச்சில் ஒழுகியது, கண்மணி இரண்டும் கடுகளவுக்குச் சுருங்கியிருந்தன. பதினோராம் நாள் ஐ.சி.யூ.வில் இறந்துபோனார். ஏழு மாதம் கழித்து வந்த விசரா ரிப்போர்ட்டில், அதாவது உள்ளுறுப்புகளை லேபில் சோதித்துத் தரும் அறிக்கையில், பூச்சிக்கொல்லி எதுவும் கண்டறியப்படவில்லை என்று இருந்தது. அதற்குக் கீழே ஃபெனிடாயின், மிடாசோலம், அட்ரோபின் என்று மூன்று பெயர்கள்.

அந்த ஒரு தாளை வைத்துக் காப்பீட்டுக் கோப்பை நிறுத்திவிட்டார்கள். ஊரில் ஆளுக்கொரு பேச்சு. “மருந்து பட்டுத்தான் செத்தாருன்னா ரிப்போர்ட்ல ஏனுங்க வரலை?” என்று நேராகவே அண்ணியிடம் கேட்டவர்களும் உண்டு. அண்ணியிடம் பதில் இல்லை. அப்போது என்னிடமும் இல்லை.

நான் வேதியியல் படித்துவிட்டுத் திருப்பூரில் ஒரு சாயப்பட்டறை லேபில் வேலை பார்க்கிறேன், டாக்டர் இல்லை. ஆனால் அந்தப் பதிலைத் தேடி ஒரு வருடத்துக்கு மேல் அலைந்தேன். பதில் இதுதான்: ரிப்போர்ட் பொய் சொல்லவில்லை. பிரேதப் பரிசோதனையில் எடுத்த உறுப்புகளைப் போட்ட ஜாடியில் இருந்ததைத்தான் லேப் சொன்னது. மருந்து உடம்பில் ஏறிய நாளுக்கும் உயிர் போன நாளுக்கும் நடுவில் அண்ணனின் கல்லீரல் பதினோரு நாள் வேலை செய்திருக்கிறது. அது கழுவி அனுப்பிய பிறகு மிச்சம் இருந்ததுதான் ஜாடிக்குப் போனது. முதல் நாளின் சாட்சி வேறு இடங்களில் இருந்தது. அதை எடுத்து வைக்க எங்களுக்குத் தெரியவில்லை. உங்களுக்கு அப்படி ஆகக் கூடாது என்பதற்காக இதை வரிசையாக எழுதுகிறேன்.

1. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போதே

முதலில் உயிர், மற்றதெல்லாம் அப்புறம். 108-ஐக் கூப்பிடுங்கள். விஷம் பற்றி டாக்டருக்கே சந்தேகம் வந்தால் கேட்க, டெல்லி எய்ம்ஸில் தேசிய விஷத் தகவல் மையம் இருக்கிறது. கட்டணமில்லா எண் 1800 116 117. வண்டி வருவதற்குள் யாராவது ஒருவர் ஒரே ஒரு வேலை செய்யுங்கள்: மருந்து டப்பாவைத் தேடுங்கள்.

எங்கள் வீட்டில் டப்பாவைக் குப்பைக் குழியில் போட்டு எரித்துவிட்டார்கள். பயத்தில் செய்ததுதான், யாரையும் குறை சொல்ல முடியாது. பாதி உருகிய மூடி மட்டும் கிடைத்தது, லேபிள் இல்லை. லேபிளில்தான் வேதிப்பெயர், சதவீதம், பேட்ச் எண் மூன்றும் இருக்கும். கடைக்காரர் பில் கொடுத்திருந்தால் அதையும் எடுத்து வையுங்கள். டப்பாவை வெறுங்கையால் தொடாமல் பிளாஸ்டிக் பையில் போட்டு முடிச்சுப் போடுங்கள். நான்கு பக்கமும் போட்டோ எடுங்கள். போட்டிருந்த சட்டையைத் துவைக்காதீர்கள். தனிப் பையில் கட்டி வையுங்கள். உடம்பை மட்டும் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவிவிடுங்கள். தோல் வழியாக ஏறுவதை அது குறைக்கும்.

ஆஸ்பத்திரியில் சேர்த்ததும் மூன்று விஷயம்.

முதலாவது, ஏ.ஆர். பதிவு. விபத்துப் பதிவேடு என்பதைத்தான் எல்லாரும் ஏ.ஆர். என்கிறார்கள். “மருந்தடிக்கும்போது பட்டது, இத்தனை மணிக்கு, இன்ன மருந்து” என்று நீங்கள் சொல்வதை அதில் எழுதுவார்கள். பின்னால் வரும் ஒவ்வொரு ஆபீசும் முதலில் கேட்பது இந்தத் தாளைத்தான். கூட வந்தவர் யாரோ ஒருவர் பதற்றத்தில் “மருந்து குடிச்சுட்டாருங்க” என்று சொல்லிவிட்டால் அதுவே எழுத்தாகிவிடும். கொங்குப் பக்கம் பூச்சிமருந்தையும் மருந்து என்கிறோம், மாத்திரையையும் மருந்து என்கிறோம். அடித்ததா, குடித்ததா, சாப்பிட்ட மாத்திரையா என்று பிரித்துச் சொல்லுங்கள். எது நடந்ததோ அதை அப்படியே சொல்லுங்கள். தானே குடித்திருந்தால் அதையும் மறைக்க வேண்டாம், சிகிச்சை அதைப் பொறுத்துத்தான்.

இரண்டாவது, முதல் ரத்தம். வந்தவுடன் எடுக்கும் ரத்தத்தில்தான் மருந்து கிடைக்க வாய்ப்பு அதிகம். லேபில் டெஸ்ட் முடிந்து சில நாளில் மிச்சத்தைக் கொட்டிவிடுவார்கள். “முதல் நாள் ரத்தத்தையும் சிறுநீரையும், வயிறு கழுவியிருந்தால் அந்தத் தண்ணீரையும் போலீஸ் கேஸுக்காக எடுத்து வையுங்கள்” என்று டியூட்டி டாக்டரிடம் எழுதிக் கொடுங்கள். வாயால் சொன்னால் ஷிஃப்ட் மாறும்போது மறந்துபோகும். வெள்ளைத் தாளில் நாலு வரி போதும், நகலில் தேதியும் கையெழுத்தும் வாங்குங்கள். நாங்கள் இதைச் செய்யவில்லை. எங்களுடைய மிகப் பெரிய தவறு இதுதான்.

மூன்றாவது, கோலினெஸ்டரேஸ் டெஸ்ட். கோலினெஸ்டரேஸ் என்பது நரம்புகளின் வேலையோடு சம்பந்தப்பட்ட ஒரு நொதி (என்சைம்). ஆர்கனோபாஸ்பரஸ் வகைப் பூச்சிமருந்து அதை முடக்கிவிடும், டெஸ்டில் அளவு குறைந்து தெரியும். அந்த வகை மருந்து என்றால் பெரும்பாலும் இதைத் தாமாகவே எடுப்பார்கள். அந்த ரிசல்ட் தாளை நகல் எடுத்து வையுங்கள். கடைசியில் எங்களைக் காப்பாற்றியது அதுதான்.

2. கல்லீரலைப் பற்றி இவ்வளவாவது தெரிந்துகொள்ளுங்கள்

இந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடாதீர்கள். இது புரிந்தால்தான் ரிப்போர்ட் புரியும், ரிப்போர்ட் புரிந்தால்தான் எந்த ஆபீசில் என்ன கேட்பது என்று தெரியும்.

பெரியவர்களுக்குக் கல்லீரல் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ இருக்கும். வாய்வழியாகப் போவதில் பெரும்பகுதி, குடல் உறிஞ்சியதும் நேராக உடம்பு முழுக்கப் பரவுவதில்லை. போர்ட்டல் சிரை என்ற குழாய் வழியாக முதலில் கல்லீரலுக்குப் போகிறது. கொஞ்சம் அங்கேயே மாற்றப்பட்டு, மிச்சம்தான் பொது ரத்தத்துக்கு வருகிறது. தோல் வழியாகவோ ஊசியிலோ ஏறினால் இந்த முதல் வாசல் கிடையாது. ஆனால் சுற்றி வரும் ரத்தம் திரும்பத் திரும்பக் கல்லீரலுக்குள் போய்த்தான் வரும்.

பெரும்பாலான மருந்துகள் கொழுப்பில் கரைபவை. சிறுநீர் தண்ணீர். அதனால் அப்படியே வெளியேற முடியாது. தண்ணீரில் கரையும்படி அவற்றை மாற்றுவதுதான் கல்லீரலின் வேலை, அதை இரண்டு கட்டமாகச் செய்கிறது. முதல் கட்டத்தில் மருந்து மூலக்கூறில் ஆக்சிஜனைச் சேர்க்கும், அல்லது ஒரு துண்டை வெட்டி எடுக்கும். இதில் பெரும்பங்கு சைட்டோகுரோம் பி450 என்ற நொதிக் குடும்பத்துக்கு. இரண்டாம் கட்டத்தில் அந்த இடத்தில் குளுக்குரோனிக் அமிலம், சல்பேட், குளுட்டதையோன் போன்ற எதையாவது ஒட்டிவிடும். ஒட்டியதும் தண்ணீரில் கரையும். சிறுநீரிலோ பித்தத்திலோ போய்விடும். பட்டறையில் சாயத்தைத் தண்ணீரில் கரைய வைக்க மூலக்கூறில் சல்போனேட் தொகுதி சேர்த்திருப்பார்கள். ஏறக்குறைய அதே வேதியியல் நம் விலாவுக்கு உள்ளேயும் நடக்கிறது என்று தெரிந்தபோது எனக்குச் சிலிர்த்துவிட்டது.

இப்படி மாறிப்போன பொருளை வளர்சிதைப் பொருள் என்பார்கள். ரிப்போர்ட்டில் ‘மெட்டபாலைட்’ என்று வருவது இதுதான். தாய் மருந்து, குட்டி மருந்து என்று நினைத்துக்கொள்ளுங்கள், எளிதாக இருக்கும்.

இங்கே பலரும் ஒரு விஷயத்தைத் தவறாக நினைக்கிறார்கள். கல்லீரல் என்றால் விஷத்தை முறிப்பது மட்டும்தான் என்று. எப்போதும் அப்படி இல்லை. சில சமயம் முதல் கட்டத்தில்தான் விஷமே உருவாகிறது. அண்ணன் அடித்தது குளோர்பைரிபாஸ் என்ற ஆர்கனோபாஸ்பரஸ் வகைப் பூச்சிமருந்து. அது தன் பழைய வடிவத்தில் பெரிய கேடு செய்வதில்லை. கல்லீரல் அதிலிருக்கும் கந்தகத்தை எடுத்துவிட்டு ஆக்சிஜனை வைக்கிறது. குளோர்பைரிபாஸ் ஆக்சான் ஆகிறது. நரம்புகளை முடக்குவது இந்த ஆக்சான். அப்புறம் அதே கல்லீரல் ஆக்சானையும் உடைத்து டிரைகுளோரோபிரிடினால் என்ற பொருளாக்கிச் சிறுநீருக்கு அனுப்புகிறது. பாராசிட்டமாலும் இப்படித்தான்: அளவோடு இருக்கும்போது இரண்டாம் கட்டமே பெரும்பகுதியை முடித்துவிடும். அளவு மீறினால் முதல் கட்டத்தில் உருவாகும் ஒரு நச்சுப்பொருளை அடக்கக் குளுட்டதையோன் போதாமல் போய், கல்லீரலே வெந்துபோகும். அசிட்டைல்சிஸ்டீன் மருந்தைச் சீக்கிரம் கொடுத்தால், குறிப்பாக முதல் எட்டு மணி நேரத்துக்குள், பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். வெளியே எதுவும் தெரியாமல் ஒரு நாள் நன்றாக இருப்பதைப் பார்த்து வீட்டிலேயே வைத்திருந்துவிடாதீர்கள்.

எலி பேஸ்ட்டும் அப்படியே. மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த பேஸ்ட் உள்ளே போனால் முதல் ஓரிரு நாள் வாந்தியோடு நின்றுவிடும். ஆள் எழுந்து உட்கார்ந்து சோறு சாப்பிடுவார். மூன்றாம் நாளுக்கு மேல்தான் கண் மஞ்சளாகும். நம் பக்கம் அதைக் காமாலை என்று பச்சிலை வைத்தியத்துக்குக் கூட்டிப் போய்விடுகிறார்கள். தயவுசெய்து போகாதீர்கள். கல்லீரல் சிகிச்சை உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

சரி, பதினோரு நாள் கணக்குக்கு வருவோம். அரை ஆயுள் என்று ஒன்று உண்டு: உடம்பில் இருக்கும் அளவு பாதியாகக் குறைய ஆகும் நேரம். சாயம் போட்ட துணியை அலசும்போது முதல் தண்ணீரில் நூறு என்றால் அடுத்ததில் ஐம்பது, அப்புறம் இருபத்தைந்து என்று குறைவதுபோல. ஐந்து அலசலில் மூன்று சதவீதம்தான் மிஞ்சும். மேலே சொன்ன டிரைகுளோரோபிரிடினாலின் அரை ஆயுள் ஆரோக்கியமான மனிதரில் சுமார் 27 மணி நேரம். பதினோரு நாள் என்றால் 264 மணி நேரம், ஏறக்குறைய பத்து அலசல். ஆயிரத்தில் ஒரு பங்குதான் மிச்சம். உடம்பில் அதிகம் ஏறியிருந்தால் கொழுப்பில் தங்கிக் கசிந்து இன்னும் சில நாள் நீளும் என்பது உண்மை. ஆனால் கணக்கின் போக்கு மாறாது. இந்தக் கணக்கை ஒரு தாளில் போட்டு அண்ணியிடம் காட்டினேன். வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

3. மாத்திரைப் பட்டியலை எழுதுங்கள், இன்றே

அண்ணனுக்கு வலிப்பு உண்டு. பல வருடமாக ஃபெனிடாயின் சாப்பிட்டார். ரிப்போர்ட்டில் வந்த முதல் பெயர் அது. மிடாசோலம் ஐ.சி.யூ.வில் தூங்க வைக்கக் கொடுத்தது. அட்ரோபின் பூச்சிமருந்தின் விஷத்துக்கு முறிவாகப் போட்ட ஊசி. மூன்றுமே சிகிச்சைக்காகப் போனவை. ஆனால் கேஸ் ஷீட் (ஆஸ்பத்திரியின் சிகிச்சைப் பதிவு) கையில் இல்லாமல் ரிப்போர்ட்டை மட்டும் படிக்கிறவருக்கு இது எப்படித் தெரியும்?

அதனால் இறந்தவர் வழக்கமாகச் சாப்பிட்ட எல்லாவற்றையும் எழுதுங்கள்: சுகர், பிரஷர், வலிப்பு, டி.பி. மாத்திரை, தூக்க மாத்திரை, இருமல் மருந்து, நாட்டு மருந்து, லேகியம். மது, புகை பழக்கம் இருந்தால் அதையும். குடும்ப மானம் என்று மறைத்தால் உங்களுக்குத்தான் நஷ்டம்.

காரணம் சொல்கிறேன். ஒரு மருந்து இன்னொன்றின் வேகத்தை மாற்றும். டி.பி.க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின் கல்லீரல் நொதிகளைப் பெருக்கிவிடும்; கூடச் சாப்பிடும் பல மருந்துகள் வேகமாகக் காலியாகும். அதே டி.பி. கூட்டில் உள்ள ஐசோநையாசிட் ஃபெனிடாயினை உடைக்கும் நொதியைத் தடுக்கும். வழக்கமான மாத்திரையிலேயே ரத்தத்தில் அளவு ஏறிவிடும். பூஞ்சைக்குச் சாப்பிடும் ஃபுளூகோனசோலும் அப்படித்தான். ஃபெனிடாயினுக்கு இன்னொரு குணம்: அதை உடைக்கும் நொதி ஓரளவுக்கு மேல் நிரம்பிவிடும். அப்புறம் டோஸ் கொஞ்சம் கூடினாலும் ரத்த அளவு எகிறும். ஈரல் சுருங்கிப்போனவருக்குப் பல மருந்துகள் வெளியேறவே தாமதமாகும். ஆகவே ரிப்போர்ட்டில் ‘அதிகம்’ என்று ஓர் எண் வந்தால், அதிகம் சாப்பிட்டார் என்று மட்டும் அர்த்தமில்லை. பட்டியல் இருந்தால்தான் டாக்டர் இதையெல்லாம் யோசிக்க முடியும்.

பட்டியலுக்கு மூன்று நகல்: ஒன்று ஆஸ்பத்திரிக்கு, ஒன்று போலீஸுக்கு, ஒன்று உங்களுக்கு. மாத்திரை அட்டைகளையும் சீட்டுகளையும் தூக்கிப் போடாதீர்கள்.

4. போலீஸும் பிரேதப் பரிசோதனையும்

சந்தேக மரணம், விபத்து, விஷம் என்றால் பிரேதப் பரிசோதனை கட்டாயம். குற்ற விசாரணை நடைமுறைக்கான புதிய பி.என்.எஸ்.எஸ். சட்டத்தின் 194-ஆம் பிரிவில் எஃப்.ஐ.ஆர். போடுவார்கள், பழைய சி.ஆர்.பி.சி. 174 என்று சிலர் இன்னும் சொல்வது இதைத்தான். கல்யாணமாகி ஏழு வருடத்துக்குள் இறந்த பெண் என்றால் ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) விசாரணையும் சேரும். புகார் கொடுத்தவருக்கு எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம்; அங்கேயே கேட்டு வாங்குங்கள்.

பரிசோதனைக்குக் காசு கிடையாது. பெருந்துறை, கோவை, திருப்பூர், கரூர், நாமக்கல், சேலம் என்று நம் பக்கம் அரசு மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. எங்கே நடக்கும் என்பது எந்த ஸ்டேஷன் எல்லை என்பதைப் பொறுத்தது. உடலைக் கொண்டுவர அரசின் இலவச அமரர் ஊர்தி உண்டு, 155377 என்ற எண்ணில் கூப்பிடலாம்.

டாக்டர் பரிசோதனை தொடங்கும் முன் போலீஸ் ஒரு விவரக் குறிப்பு கொடுப்பார்கள். உங்கள் மாத்திரைப் பட்டியலும், டப்பா போட்டோவும், எத்தனை நாள் உயிரோடு இருந்தார் என்பதும் அந்தக் குறிப்பில் இருக்கிறதா என்று பணிவாகக் கேளுங்கள். “அய்யா, பதினோரு நாள் சிகிச்சையில இருந்தாருங்க, கேஸ் ஷீட்டையும் சேர்த்து அனுப்பிருங்க” என்று அன்றைக்கே நாங்கள் சொல்லியிருந்தால் ஏழு மாதம் மிச்சமாகியிருக்கும்.

என்ன எடுக்கிறார்கள் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு ஜாடியில் இரைப்பையும் அதில் உள்ளதும், ஓரடி போலச் சிறுகுடலும். இன்னொன்றில் கல்லீரல் ஏறக்குறைய அரைக் கிலோ, பித்தப்பை, இரண்டு சிறுநீரகத்திலும் பாதி. மூன்றாவதில் ரத்தம். பொதுவாக உப்பு முட்ட முட்டக் கரைத்த தண்ணீரில்தான் உறுப்புகளைப் போடுவார்கள். அந்தத் தண்ணீரில் தனியாக ஒரு பாட்டிலும் போகும், அதில் எதுவும் கலக்கவில்லை என்று காட்ட. எங்கள் ஜாடிகளை வாங்கிக்கொண்டு வந்த காவலர் மரத்தடியில் நின்றபோது பார்த்தேன்: மூடியோரம் உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது, அதன்மேல் அரக்கு முத்திரை. அந்தப் படம் இன்னும் கண்ணில் இருக்கிறது.

ஏன் கல்லீரலை இவ்வளவு எடுக்கிறார்கள்? குடித்த பொருள் முதலில் சேருமிடம் அது. பல மருந்துகள் ரத்தத்தில் இருப்பதைவிட அங்கே செறிந்து கிடக்கும். ரத்தம் கெட்டுப்போன உடலிலும் கல்லீரலில் தேட முடியும்.

5. லேபுக்குப் போன பிறகு

தமிழ்நாடு தடய அறிவியல் துறையின் மண்டல ஆய்வகங்கள் கோவையிலும் சேலத்திலும் இருக்கின்றன. போலீஸ் கேஸில் குடும்பம் ஒரு ரூபாய்கூடக் கட்ட வேண்டாம். யாராவது “சீக்கிரம் வாங்கித் தர்றேன்” என்று காசு கேட்டால் கொடுக்காதீர்கள். வரிசையை மாற்ற அவர்களால் முடியாது.

ஜாடி லேபுக்குப் போய்ச் சேர்ந்ததா என்பதை முதலில் உறுதிப்படுத்துங்கள். எங்களுடையது பல வாரம் வேறொரு அறையிலேயே இருந்தது. நாங்கள் லேபுக்குப் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தோம். பதினைந்து நாளில் ஸ்டேஷனுக்குப் போய், அனுப்பிய தேதி, லேப் கொடுத்த எண் இரண்டையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் மாதம் ஒரு முறை கேட்டால் போதும்.

பதில் வரவில்லை என்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தில் மனுப் போடலாம், 30 நாளில் பதில் தர வேண்டும். விசாரணை நடக்கும்போது ரிப்போர்ட்டையே கேட்டால் மறுக்க இடமுண்டு. அதனால் ரிப்போர்ட்டைக் கேட்காமல் “எந்தத் தேதியில் அனுப்பப்பட்டது, எந்த எண்ணில் பதிவானது” என்று கேளுங்கள்.

இந்தக் காத்திருப்புக் காலத்தில் செய்ய வேண்டிய முக்கியமான வேலை ஆஸ்பத்திரிப் பதிவுகளை வாங்குவது. கேட்ட 72 மணி நேரத்துக்குள் நோயாளி தரப்புக்குப் பதிவுகளைக் கொடுக்க வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான விதி. மூன்று வருடம்தான் வைத்திருக்கவும் கடமை, ஆகவே தள்ளிப்போடாதீர்கள். டிஸ்சார்ஜ் சுருக்கம் மட்டும் போதாது. முழு கேஸ் ஷீட், நர்ஸ் எழுதும் மருந்துச் சார்ட், எல்லா லேப் ரிசல்ட்டும் வேண்டும். எங்களுக்கு 140 பக்கம் வந்தது. நகல் எடுக்கும் செலவுதான்.

6. ரிப்போர்ட்டைப் படிப்பது

வந்ததும் பதற வேண்டாம். பொறுமையாகப் பாருங்கள்.

‘கண்டறியப்படவில்லை’ என்றால் ஜாடியில், அந்த லேபின் முறையில், கிடைக்கவில்லை என்று பொருள். சாப்பிடவே இல்லை, உடம்பில் ஏறவே இல்லை என்று பொருளாகாது. எத்தனை நாள் உயிரோடு இருந்தார் என்பதைப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.

தாயும் குட்டியும் எப்படி இருக்கின்றன என்று பாருங்கள். டயசிபாம் சாப்பிட்டால் நார்டயசிபாம், டெமாசிபாம், ஆக்சாசிபாம் எல்லாம் வரலாம். நான்கு பெயர் இருக்கிறது என்பதால் நான்கு மாத்திரை என்று அர்த்தமில்லை. தாய் மருந்து மிக அதிகமாகவும் குட்டி குறைவாகவும் இருந்தால், கல்லீரலுக்கு வேலை செய்ய நேரம் கிடைக்கும் முன்பே உயிர் போயிருக்கலாம். குட்டி கணிசமாகச் சேர்ந்திருந்தால் பல நாளாகச் சாப்பிட்டவர் என்று யோசிக்க இடமுண்டு. இதை நீங்களே முடிவு கட்ட வேண்டாம், டாக்டரிடம் கேட்கும் கேள்வியாக வைத்துக்கொள்ளுங்கள். கோடீன் உள்ள இருமல் மருந்து குடித்தவரிடம் மார்ஃபின் வரும். கல்லீரல்தான் கோடீனின் ஒரு பகுதியை மார்ஃபினாக மாற்றுகிறது. ஒரு குடும்பம் இந்தப் பெயரைப் பார்த்து மகனைப் பற்றி என்னென்னவோ நினைத்து உடைந்துபோனதை நேரில் பார்த்திருக்கிறேன். பையன் குடித்தது வெறும் இருமல் மருந்து.

ஆல்கஹால் என்று இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். கல்லீரல் ரத்தத்திலிருந்து மணிக்குச் சுமார் 15 மில்லிகிராம் வீதம் (100 மில்லியில்) குறைத்துக்கொண்டே வரும். விபத்துக்குப் பல மணி நேரம் கழித்து இறந்தவரிடம் குறைவாக இருப்பதன் காரணம் இது. மாறாக, உடல் கெட ஆரம்பித்தால் கிருமிகள் தாமாகவே ஆல்கஹால் உண்டாக்கும். ஒரு சொட்டுத் தொடாதவர் உடலிலும் வரலாம். ரத்தக் குப்பியில் சோடியம் ஃபுளோரைடு போடுவது இதைத் தடுக்கத்தான். உயிரோடு இருக்கும்போது குடித்த ஆல்கஹாலில் சிறு பங்கைக் கல்லீரல் எத்தில் குளுக்குரோனைடாக மாற்றும். சந்தேகம் வந்தால் அதைச் சிறுநீரில் தேடலாம். இறந்தவர் குடிக்காதவர் என்று உறுதியாகத் தெரிந்தால், அதை எழுத்தில் சொல்லுங்கள்.

ரத்தம் எங்கிருந்து எடுத்தது என்பதும் முக்கியம். உயிர் போனபின் கல்லீரலிலும் நுரையீரலிலும் செறிந்திருந்த மருந்து பக்கத்து ரத்தத்துக்குள் கசியும். இதயத்திலிருந்து எடுத்த ரத்தத்தில் சில மருந்துகளின் அளவு கூடுதலாகத் தெரியும். தொடை ரத்தம் அதைவிட நம்பகம். கல்லீரலிலும் இரைப்பையை ஒட்டிய இடப்பக்கத்தைவிட வலப்பக்கத் துண்டு நல்லது.

கடைசியாகக் கோலினெஸ்டரேஸ். அண்ணனுக்கு முதல் நாள் எடுத்த அளவு இயல்பில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆஸ்பத்திரிகளில் வழக்கமாகப் பார்க்கும் பிளாஸ்மா வகையைக் கல்லீரல்தான் தயாரிக்கிறது. ஆகவே ஈரல் கெட்டவருக்கும் அது குறையும். “அவருக்கு ஈரல் கோளாறாக இருந்திருக்கலாமே” என்று கேள்வி வரும். எங்களுக்கும் வந்தது. அதே நாள் எடுத்த கல்லீரல் டெஸ்ட் இயல்பாக இருந்ததைக் காட்டினோம். கண்மணி சுருக்கம், எச்சில், அட்ரோபின் போடப் போடத் தெளிந்தது எல்லாம் நர்ஸ் சார்ட்டில் மணி வாரியாக இருந்தன.

7. இறுதிக் கருத்தும் காப்பீடும்

நிறையக் குடும்பங்கள் இங்கேதான் நின்றுவிடுகின்றன. விசரா ரிப்போர்ட் வந்தால் எல்லாம் முடிந்தது என்று நினைக்கிறார்கள். இல்லை. பிரேதப் பரிசோதனைச் சான்றில் மரணக் காரணம் பற்றி ‘கருத்து நிலுவை’ என்று எழுதியிருப்பார்கள். ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு அதே டாக்டர் இறுதிக் கருத்து எழுத வேண்டும். அதற்குப் போலீஸ் ரிப்போர்ட்டையும் ஆஸ்பத்திரிப் பதிவுகளையும் சேர்த்து டாக்டருக்கு அனுப்ப வேண்டும். அனுப்பச் சொல்லி நீங்கள்தான் மனுக் கொடுக்க வேண்டும்.

காப்பீட்டுக்குத் தேவையானவை: எஃப்.ஐ.ஆர்., ஏ.ஆர். நகல், இறப்புச் சான்று, பிரேதப் பரிசோதனைச் சான்று, விசரா ரிப்போர்ட், இறுதிக் கருத்து, நாமினியின் ஆதாரும் வங்கிப் புத்தகமும். நாமினி பெயர் இல்லை என்றால் வாரிசுச் சான்று. இ-சேவை மையத்தில் 60 ரூபாய், தாசில்தார் கையெழுத்து. அது இழுத்தால் கலெக்டர் ஆபீஸ் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் மனுக் கொடுங்கள். வங்கிக் கணக்கில் வருடம் 20 ரூபாய் பிடிக்கும் பிரதமரின் சுரக்ஷா பீமா இருக்கிறதா என்று பாஸ்புக்கைப் புரட்டிப் பாருங்கள். விபத்து மரணத்துக்கு 2 லட்சம், வயது 18 முதல் 70 வரை. பலர் வீட்டில் இருப்பதே தெரிவதில்லை. விசரா வரட்டும் என்று காத்திருக்காமல் 30 நாளுக்குள் விண்ணப்பத்தைக் கொடுத்துவிடுங்கள். மிச்சத் தாள்களைப் பின்னால் சேர்க்கலாம்.

டாக்டரின் இறுதிக் கருத்துக்காக நான் இன்ஸ்பெக்டருக்கு எழுதிய மனுவின் நடுப்பகுதியை அப்படியே தருகிறேன், உங்களுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்:

“இறந்தவர் மருந்து பட்ட நாளிலிருந்து 11 நாள் உயிருடன் சிகிச்சையில் இருந்தார். எனவே உள்ளுறுப்புகளில் பூச்சிக்கொல்லி கண்டறியப்படாதது, அது கல்லீரலில் மாற்றப்பட்டு வெளியேறியதால் இருக்கலாம். முதல் நாள் கோலினெஸ்டரேஸ் அளவு, கல்லீரல் பரிசோதனை, மருந்துச் சார்ட் ஆகியவற்றை இத்துடன் இணைத்துள்ளேன். ஆய்வு அறிக்கையில் உள்ள மூன்று மருந்துகளும் சிகிச்சையில் கொடுக்கப்பட்டவை. சார்ட்டில் அந்தப் பக்கங்களைக் குறித்துள்ளேன். இவற்றையும் பரிசோதனை செய்த மருத்துவரின் பார்வைக்கு அனுப்பி இறுதிக் கருத்துப் பெற்றுத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.”

நாற்பது நாளில் இறுதிக் கருத்து வந்தது. ஆர்கனோபாஸ்பரஸ் நச்சின் பின்விளைவால் ஏற்பட்ட மரணம் என்று ஒரே வரி. அண்ணி அதை நகல் எடுக்கச் சொன்னார். காப்பீட்டுக்கு ஒன்று, வங்கிக்கு ஒன்று. மூன்றாவதை மடித்துத் தன்னிடமே வைத்துக்கொண்டார், கேட்கிறவர்களுக்குக் காட்ட.